வீட்டு மழைநீர் வடிகாலில் கருங்கல் ஜல்லிக்குப் பதிலாக எதை நிரப்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி பிறந்ததும் வீட்டுக்காரர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். கொல்லையில் தண்ணீர் தேங்குகிறது, பள்ளம் தோண்டிக் கருங்கல் ஜல்லி கொட்டச் சொல்கிறார்கள், அதற்குப் பதிலாக வீட்டில் கிடக்கும் வேறு எதையாவது போடக் கூடாதா என்பதே பெரும்பாலோர் கேட்பது. தமிழ்நாட்டு வீடுகளையும் இங்கே கிடைக்கும் பொருள்களையும் மனத்தில் வைத்து விடைகளைத் தொகுத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் "வடிகால் பள்ளம்" என்று சொல்வது நீரை ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்கு நடத்திச் செல்லும் நீண்ட பள்ளத்தை. "உறிஞ்சு குழி" என்று சொல்வது நீரை அங்கேயே மண்ணுக்குள் இறக்கும் குழியை.

பள்ளத்தில் எதற்காக ஜல்லி போட வேண்டும்? வெறும் பள்ளமாக விட்டால் தண்ணீர் போகாதா?

போகும். ஜல்லி நிரப்பிய பள்ளத்தைவிடத் திறந்த வாய்க்காலில் தண்ணீர் வேகமாகவே போகும். ஆனால் வீட்டைச் சுற்றித் திறந்த பள்ளம் இருந்தால் கரை சரியும், குழந்தைகளும் முதியவர்களும் தடுக்கி விழுவார்கள், குப்பை சேரும், தேங்கிய நீரில் கொசு முட்டையிடும். கரை சரியாமல் தாங்கிக்கொண்டு, மேலே நடக்கவும் இடம் கொடுத்து, உள்ளே நீருக்கு வழிவிடுவதற்காகத்தான் ஜல்லி போடுகிறோம்.

ஒரே அளவுள்ள ஜல்லியை ஒரு குழியில் கொட்டினால் ஏறக்குறைய 40 சதவீதம் இடைவெளி மிஞ்சும். தண்ணீர் நிற்பதும் ஓடுவதும் அந்த இடைவெளியில்தான். கல்லுக்கு அதில் வேலையே இல்லை. ஆகவே எந்த மாற்றுப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்களை: அது எவ்வளவு இடைவெளி கொடுக்கிறது, ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்தாலும் நொறுங்காமல் மக்காமல் இருக்குமா, தன்னிடமிருந்து தூளையோ சுண்ணாம்பையோ வெளியே விட்டு அந்த இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளுமா. கீழே வரும் பெரும்பாலான விடைகள் இந்த மூன்றிலிருந்தே வருகின்றன.

ஜல்லிதான் என்றால் எந்த ஜல்லி? கடையில் முக்கால், ஒன்றரை என்று கேட்கிறார்களே?

முக்கால் இஞ்சு என்பது 20 மி.மீ., ஒன்றரை இஞ்சு என்பது 40 மி.மீ. இரண்டும் சரி. நான் வடிகால் பள்ளத்துக்குள் நீரை வாங்கிக் கொண்டுபோக வைக்கும் துளைக் குழாயைச் சுற்றி முக்கால் ஜல்லியையும் ஆழமான உறிஞ்சு குழியின் அடியில் ஒன்றரை ஜல்லியையும் போடச் சொல்வேன். பல அளவுகளையும் தூளையும் கலந்து ரோடு வேலைக்குக் கொடுக்கும் கலவையை மட்டும் வாங்கக் கூடாது. பெரிய கல்லின் இடைவெளியைச் சிறிய கல்லும், சிறிய கல்லின் இடைவெளியைத் தூளும் நிரப்பிவிடும். சாலைக்கு அந்த இறுக்கம் வேண்டும். வடிகாலுக்கு அதுவே கேடு.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 40 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள வடிகால் பள்ளத்துக்கு 60 கன அடி, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை. லாரிக்காரரிடம் "கிராவல்" என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் வருவது மனை மேடாக்கும் செம்மண். அதில் களி இருக்கும். ஜல்லி வந்து இறங்கியதும் ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். தண்ணீர் சாம்பல் நிறக் குழம்பாக மாறினால், மொத்தத்தையும் ஹோஸ் வைத்துக் கழுவிய பிறகே பள்ளத்தில் போட வேண்டும். இந்த ஒரு மணி நேர வேலையைத் தவிர்த்தவர்கள் குவாரித் தூசை நேராகக் குழியின் அடியில் கொண்டுபோய்ப் பூசுகிறார்கள்.

பழைய வீட்டை இடித்த ரப்பிஷ் மலையாகக் கிடக்கிறது. அதையே கொட்டி மூடிவிடலாமா?

அப்படியே கொட்டினால் கூடாது. பிரித்தெடுத்தால் பாதி உதவும். ரப்பிஷில் செங்கல், கான்கிரீட் கட்டி, பூச்சுக் கலவை, மண், மரத்துண்டு, ஒயர், பெயிண்ட் டப்பா எல்லாம் கலந்திருக்கும். அரை இஞ்சுச் சல்லடையில் சலித்து, கீழே விழுவதை ஒதுக்கிவிட்டு, மேலே நிற்பவற்றில் செங்கல்லையும் கான்கிரீட்டையும் மட்டும் பொறுக்கி, ஒன்றரை இஞ்சு அளவுக்கு உடைத்துக் கழுவினால் நல்ல நிரப்புபொருள் கிடைக்கும். ஆள் கூலி வைத்துச் செய்தால் புது ஜல்லியைவிடச் செலவு கூடிவிடலாம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே ஆள் இருந்து, ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டும் லாரி வாடகையும் மிச்சமாகிறது என்றால் நிச்சயம் செய்யலாம்.

கான்கிரீட் துண்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு மெதுவாகக் கரைந்து வரும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து குழாய்த் துளைகளிலும் வடிகட்டும் துணியிலும் வெள்ளைப் படிவமாக இறுகும். ஆகவே துளைக் குழாய் உள்ள வடிகால் பள்ளத்தில் கான்கிரீட் துண்டு போடுவதை நான் விரும்புவதில்லை. குழாயும் துணியும் இல்லாத உறிஞ்சு குழியின் அடியில் அது கிடந்தால் பெரிய கெடுதல் இல்லை.

மூன்று பொருள்களை எக்காரணம் கொண்டும் மண்ணுக்குள் போடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டுகளை உடைப்பதே நுரையீரலுக்கு ஆபத்து. ஃபால்ஸ் சீலிங்கில் வரும் ஜிப்சம் பலகை, காற்றுப் புகாத ஈரத்தில் கிடந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவைக் கிளப்பும். ஏஏசி பிளாக் எனப்படும், காற்றுக் குமிழ்கள் நிறைந்த கான்கிரீட் கல்லின் துண்டுகள் தண்ணீரைவிட எடை குறைந்தவை; முதல் மழையில் மிதக்கும், பிறகு உரசி உரசித் தூளாகும்.

செங்கல் தண்ணீரில் ஊறிக் கரைந்துவிடாதா?

நன்றாக வெந்த செங்கல் கரையாது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, குழிகளில் கூழாங்கல்லுக்கும் மணலுக்கும் இணையாக நிரப்பப்பட்ட பொருள் செங்கல் ஜல்லிதான். கருங்கல் ஜல்லிக்கு மாற்றாக நான் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். சூளையில் தீக்கு நெருக்கமாக இருந்து கருத்து உருகி வளைந்துபோன கற்களைக் கட்டுமானத்துக்கு யாரும் வாங்க மாட்டார்கள். வடிகாலுக்கு அவையே மிகச் சிறந்தவை, விலையும் குறைவு.

வேகாத கல்லைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். "பொத்" என்று கேட்டால் வேகவில்லை. சந்தேகம் இருந்தால் ஓர் இரவு முழுவதும் வாளியில் ஊறவைத்து, காலையில் ஆணியால் கீறிப் பாருங்கள். ஆணி ஆழமாகப் பள்ளம் பறித்தாலும், வாளியின் அடியில் செந்நிறச் சேறு படிந்திருந்தாலும் அந்தக் கல் வேண்டாம். பழைய மொட்டைமாடித் தளத்தைப் பெயர்த்த செங்கல் ஜல்லி என்றால், அதில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு முந்தைய விடையில் சொன்ன அதே படிவத்தை உண்டாக்கும். அதையும் குழாய்க்கு அருகில் போட வேண்டாம்.

உடைந்த நாட்டு ஓடு, தரை டைல்ஸ் துண்டுகள்?

பொருள் நல்லது, வடிவம்தான் பிரச்சினை. தட்டையான துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்து, நீர் இறங்கும் வழியை மூடிக்கொள்ளும். சிறியதாக உடைத்து, செங்கல் ஜல்லியுடன் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கலந்து போடலாம். டைல்ஸ் துண்டின் விளிம்பு கத்தி போல வெட்டும். கால் படும் மேல்மட்டத்தில் போடக் கூடாது.

எங்கள் தோப்பில் தேங்காய் மட்டை ஏராளம். அதைப் போட்டால் செலவே இல்லையே?

தென்னந்தோப்பில் மட்டையைப் புதைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அங்கே அதைப் புதைப்பது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடையில் மரத்துக்குக் கொடுப்பதற்காக. வடிகாலில் நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. மட்டையில் உள்ள நார்ச்சோறு நீரை உறிஞ்சி உப்பிக்கொண்டு வழியை அடைக்கும். சில ஆண்டுகளில் மட்டை மக்கியதும் பள்ளத்தின் மேல்மட்டம் உள்வாங்கும். அதற்கு மேல் பாவியிருந்த கல்லும் சேர்ந்து இறங்கும்.

இன்னொரு காரணம் கறையான். வீட்டுச் சுவருக்கு அருகில் மட்டையையோ மரத்துண்டையோ ஈரமாகப் புதைத்து வைப்பது கறையானுக்கு வழி அமைத்துக் கொடுப்பதாகும். வீட்டிலிருந்து தள்ளி, மரங்களின் நடுவே, அதிகப்படி நீரைத் தேக்கி மெல்ல ஊறவிடும் பள்ளத்துக்கு மட்டை மிகப் பொருத்தம். அங்கே அது மக்கினாலும் மண்ணுக்கு நல்லதே.

கரி போட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்கிறார்களே?

வடிகாலுக்குக் கரி தேவையில்லை. அடுப்புக்கரி மேலே உள்ள எடையில் நொறுங்கித் தூளாகும், தூள் இடைவெளியை அடைக்கும். கூரை நீரைத் தொட்டியில் சேமிக்கும் வடிகட்டியில், எடுத்து மாற்ற முடிந்த இடத்தில், கரிக்கு ஒரு பயன் உண்டு.

மணல், எம்-சாண்ட், குவாரி டஸ்ட் இவற்றில் எது நல்லது?

இவற்றில் எதையும் முழுப் பள்ளத்துக்கும் நிரப்புபொருளாக நினைக்க வேண்டாம். மணலிலும் இடைவெளி இருக்கிறது. ஆனால் துளைகள் மிகச் சிறியவை என்பதால் கனமழையின் வேகத்துக்கு நீர் இறங்காது. மணலின் வேலை மேலே ஆறு இஞ்சுக்கு ஒரு படுகையாக இருந்து, மழை அடித்துவரும் வண்டலைத் தடுப்பது. அடைத்துக்கொண்டால் அந்த ஆறு இஞ்சை மட்டும் வாரி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம்.

ஆற்றுமணலுக்காக ஆறுகளைச் சுரண்டியதன் விளைவைப் பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வடிகாலுக்காக ஆற்றுமணல் வாங்காதீர்கள். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைக் கழுவிப் போட்டால் போதும். அதிலும் பூச்சுக்குரிய பி-சாண்ட் வேண்டாம், அது இன்னும் நுண்ணியது. குவாரி டஸ்டை எந்த இடத்திலும் பயன்படுத்தக் கூடாது. ஈரம் பட்டதும் அது ஏறக்குறையத் தளம் போட்டதுபோல இறுகிவிடும்.

பிளாஸ்டிக் பாட்டில், பழைய டயர், தெர்மகோல் போடலாமா?

மூடிய பாட்டில்கள் நீர் நிறைந்தால் மேலே உந்தும், எடை ஏறினால் நசுங்கும். அமெரிக்காவில் தெர்மகோல் துண்டுகளை வலைக்குள் அடைத்து, நடுவில் துளைக் குழாய் வைத்து, கட்டாகவே விற்கிறார்கள். அது வலையோடு சேர்ந்து கணக்கிட்டுச் செய்த பொருள். பேக்கிங்கில் வந்த தெர்மகோலை நாமே உடைத்துக் கொட்டினால் முதல் வெள்ளத்தில் அது வெளியேறி, தெருச் சாக்கடையில் போய் நிற்கும். டயர்த் துண்டு நன்றாக வடிக்கும், மக்காது, எடையும் குறைவு. ஆனால் துத்தநாகமும் வேறு சில பொருள்களும் அதிலிருந்து கசியும். வீட்டுக் கிணற்று நீரையோ ஆழ்துளை நீரையோ குடிக்கும் நம் ஊரில் அதை நான் ஏற்க மாட்டேன்.

ஜல்லியே வேண்டாம், சிமெண்ட் உறை இறக்கிக்கொள்கிறேன் என்றால்?

உறிஞ்சு குழிக்கு அது மிக நல்ல வழி. கணக்கைப் பாருங்கள். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குழியில் ஜல்லி நிரப்பினால் அதில் நிற்கும் நீர் சுமார் 600 லிட்டர். 3 அடி விட்டமுள்ள துளையிட்ட உறைகளை 5 அடி ஆழத்துக்கு இறக்கி உள்ளே காலியாக விட்டால் சுமார் 1,000 லிட்டர் நிற்கும். நிற்கும் நீரின் அளவோடு ஒப்பிட்டால் தோண்டும் மண்ணும் குறைவு. உறைக்கு வெளியே சுற்றிலும் ஆறு இஞ்சுக்குச் செங்கல் ஜல்லி, அடியில் ஓர் அடிக்கு ஒன்றரை ஜல்லி போட்டால் போதும். மூடியைத் திறந்து உள்ளே படிந்த சேற்றை அள்ள முடியும் என்பதுதான் இதன் பெரிய நன்மை. ஜல்லிக் குழியில் அது முடியாது.

மூடி இறுக்கமாகவும் ஆள் நின்றால் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். காற்றோட்டத் துளைக்குக் கொசுவலை கட்டுங்கள். பிளாஸ்டிக் கூடைகள் போன்ற பெட்டிகளை அடுக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் இடைவெளி கிடைக்கும். கார் ஏறும் இடமென்றால் எடை தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். காய்கறிக் கூடையை வைத்து அதைச் செய்து பார்க்காதீர்கள்.

துணி சுற்றுவது கட்டாயமா? பழைய புடவை, சாக்கு போதாதா?

கற்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் துணிக்கு ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். எந்தக் கல் என்பதைவிடத் துணி இருக்கிறதா என்பதுதான் வடிகாலின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சுற்றியுள்ள மண் கற்களுக்குள் நுழையாமல் தடுப்பது அதன் வேலை. நெய்யாத வகை ஜியோ டெக்ஸ்டைல் துணியைப் பள்ளத்தின் பக்கங்களில் விரித்து, ஜல்லியைக் கொட்டி, மேலே மடித்து மூட வேண்டும். உறிஞ்சு குழியில் பக்கத்திலும் மேலேயும் போட்டால் போதும்.

சணல் சாக்கும் பருத்திப் புடவையும் ஈர மண்ணில் விரைவில் மக்கிவிடும். சிமெண்ட் சாக்கு மக்காது, ஆனால் நீரைச் சரியாக விடாது. தோட்டத்து நிழல்வலையில் கண்கள் பெரியவை, வண்டல் நேராகப் புகும். நைலான் புடவையை இரண்டு மடிப்பாகப் போடுவது, ஒன்றும் போடாமல் விடுவதைவிட மேல். மணற்பாங்கான இடத்தில் அது ஓரளவு தாங்கும், களிமண்ணில் நம்ப முடியாது.

பக்கத்து வீட்டுக் குழி இரண்டு வருஷம் நன்றாக வேலை செய்தது, இப்போது வழிகிறது. ஜல்லியை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. இப்படி அடைத்துக்கொண்ட குழியைத் திறந்தால் காட்சி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: மேலே இரண்டு மூன்று இஞ்சுக்கு வழுவழுப்பான கரும்பழுப்புச் சேறு, அதில் மாமர இலை நரம்புகள், மாடியிலிருந்து வந்த சுண்ணாம்புத் துகள், கோழி இறகு; அதற்கு ஓர் அடி கீழே கற்கள் போட்ட அன்று இருந்தபடியே சுத்தமாக இருக்கும். மேலடுக்கை அள்ளிக் கழுவிப் போட்டு, துணி இல்லையென்றால் ஒரு துணியை விரித்து, அதன்மேல் ஆறு இஞ்சு எம்-சாண்ட் போட்டால் போதும். குழிக்கு முன்பாக இலையும் மண்ணும் தங்க ஒரு சிறிய தொட்டி கட்டி, அதை மழைக்கு முன் சுத்தம் செய்யுங்கள். அடிவரை சேறாக இருந்தால்தான் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

எங்கள் இடம் களிமண். எதைப் போட்டால் தண்ணீர் இறங்கும்?

எதைப் போட்டாலும் இறங்காது. நிரப்புபொருள் நீருக்கு இடம் கொடுக்குமே தவிர, குழியைச் சுற்றியுள்ள மண்ணின் குணத்தை மாற்றாது. செலவு செய்வதற்கு முன் ஓர் அடி அகலம், இரண்டு அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடலோர மணலில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் காணாமல் போகும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அப்படியே நிற்கும். மணிக்கு அரை இஞ்சுகூட இறங்காத இடத்தில் உறிஞ்சு குழியை நம்பாதீர்கள்.

அங்கே துளைக் குழாய் வைத்த வடிகால் பள்ளம் போட்டு, 10 அடிக்கு ஒன்றேகால் இஞ்சு சரிவு கொடுத்து, உள்ளாட்சியின் அனுமதியோடு தெரு மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதாளச் சாக்கடையில் மழைநீரை விடுவது தவறு. மணல் நிலத்திலும் மிகைநீர் வெளியேற ஒரு வழி வேண்டும்: 1,000 சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,650 லிட்டர் இறங்கும். மேலே கணக்கிட்ட ஜல்லிக் குழி கொள்வது 600. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 490 மி.மீ.

கரிசல் மண்ணில் வீடு கட்டியிருக்கிறோம். சுவரை ஒட்டி ஜல்லி போட்டால் ஈரம் ஏறாது என்கிறார்கள், சரியா?

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கக் கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். சுவரை ஒட்டி ஜல்லிப் பள்ளம் வைத்து அங்கேயே நீர் ஊறவிட்டால், கடைக்காலுக்கு அடியில் மண் ஒரு பக்கம் உப்பிச் சுவர் விரியும். அங்கே சுவரைச் சுற்றி வெளிப்புறம் சரிந்த தளம் போட்டு, மூடிய குழாயில் நீரைத் தொலைவுக்குக் கொண்டுபோவதே பாதுகாப்பு. மற்ற மண்ணிலும் உறிஞ்சு குழியைக் கடைக்காலிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வையுங்கள். கறையானுக்கு மருந்தடித்த வீடு என்றால், சுவரோரம் தோண்டும்போது அந்த மருந்து மண்ணும் வெட்டுப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஐப்பசியில் எங்கள் குழியில் அடியிலிருந்தே தண்ணீர் ஊறுகிறது. ஜல்லி போதாதா?

ஜல்லியில் குறையில்லை. நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடிக்கு மேலே ஏறிவிட்டது. நிறைந்த குழியில் மேலும் நீர் இறங்க இடமில்லை. இத்தகைய இடத்தில் ஆழம் கூட்டுவதால் பயனில்லை. ஆழம் குறைந்த, நீளமான பள்ளமும் வெளியேறும் வழியும்தான் உதவும். அதுவும் முடியாவிட்டால் ஒரு சிறிய தொட்டி கட்டி மோட்டார் வைக்க வேண்டியிருக்கும்.

வாஷிங் மெஷின் தண்ணீரையும் அதே குழியில் விடலாமா?

வேண்டாம். சோப்பு நுரையும் துணி இழையும் சேர்ந்து கற்களின்மேல் வழுவழுப்பான படலமாக ஒட்டும். அதைக் கல்வாழை, வாழை நட்ட பாத்திக்குத் தனியாக விடுங்கள். சமையலறை நீரில் எண்ணெய் இருப்பதால் அதை எந்த ஜல்லிக் குழியிலும் விடக் கூடாது.

வானிலை அறிக்கையில் நாளை மறுநாள் கனமழை என்கிறார்கள். இப்போதைக்குக் கிடைப்பதைப் போட்டுச் சமாளிக்கலாமா?

மழைக்கு முந்தின நாள் எதையும் நிரப்பாதீர்கள். சேறும் கல்லும் கலந்துவிட்டால், பிறகு முழுவதையும் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். வீட்டிலிருந்து தெருப் பக்கமாக ஒரு மண்வெட்டி அகலத்துக்குத் திறந்த வாய்க்கால் வெட்டி, ஆள் நடக்கும் இடத்தில் ஒரு பலகையைப் போட்டு, வாசற்படிக்கு முன் மணல் மூட்டை அடுக்குங்கள். நீர் எந்த வழியாக ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பொங்கல் கழிந்து மண் காய்ந்ததும் அந்தக் குறிப்பை வைத்துப் பள்ளத்தின் இடத்தையும் சரிவையும் முடிவு செய்து, துணி விரித்து, கழுவிய கல்லைப் போடுங்கள்.